சுருதி மாறும் எதிரொலி

1845-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு உட்ரெக்ட் நகரை அடுத்த ரயில் பாதையில் ஒரு வினோதமான பரிசோதனை நடைபெற்றது. எஞ்சினுடன் இணைத்த திறந்த வண்டி ஒன்றில் எக்காளம் ஊதுவோர் ஏற்றப்பட்டனர். பாதையோரத்தில், சுரங்களின் நுட்பமான வேறுபாடுகளைக் காதாலேயே மதிப்பிடவல்ல சங்கீதப் பயிற்சி பெற்றவர்கள் நிறுத்தப்பட்டனர். வண்டியில் இருந்தோர் ஒரே சுரத்தை மாறாமல் ஊதிக்கொண்டே வரவேண்டும். வண்டி நெருங்கும்போதும் விலகும்போதும் அச்சுரம் எவ்வாறு கேட்கிறது என்பதைக் கீழே நின்றவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பிப்ரவரியில் மேற்கொண்ட முதல் முயற்சி பனிப்புயலால் கைவிடப்பட்டது. ஜூன் மாதத்தில் பரிசோதனை நிறைவேறியது. வண்டி நெருங்குகையில் சுரம் உயர்ந்தும், விலகுகையில் தாழ்ந்தும் கேட்டது. மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1842-இல், பிராக் நகரில் கிறிஸ்டியன் டாப்ளர் என்னும் விஞ்ஞானி கணித வாயிலாகக் கூறியிருந்த முடிவு ஒலியைப் பொறுத்தவரையில் மெய்ப்பிக்கப்பட்டது. பரிசோதனையை நடத்திய பைஸ் பலோட், நட்சத்திரங்களின் நிறம் குறித்து டாப்ளர் கூறியதை மறுக்கும் எண்ணத்துடனேயே இதில் இறங்கினார் என்பது சுவையான செய்தி.

இந்த எக்காள வண்டிக்கும், இன்று மின்சாரக் கிதார் வாசிப்போரின் காலடியில் கிடக்கும் ஒரு சிறிய உலோகப் பெட்டிக்கும் நெருங்கிய உறவு உண்டு. காலால் மிதித்து இயக்கப்படுவதால் அப்பெட்டிக்குப் பெடல் என்று பெயர். கிதாரின் கம்பியை ஒருமுறை மீட்டினால், அந்த ஒலியை வாங்கி நினைவில் வைத்திருந்து, சற்று நேரம் கழித்து எதிரொலியாகத் திருப்பித் தருவது 'டிலே பெடல்' எனப்படும். இவ்வகைப் பெடல்களுள் சில, எதிரொலியைத் தாமதப்படுத்துவதோடு நில்லாமல் அதன் சுருதியையும் மாற்றித் தருகின்றன. ஜப்பானிய ரோலண்ட் நிறுவனம் 'பாஸ்' என்னும் பெயரில் 1987-இல் வெளியிட்ட 'பி.எஸ்.-2' இதற்கு ஒரு தெளிவான உதாரணம். உள்ளங்கையில் அடங்கும் அப்பெட்டி, கொடுத்த சுரத்தை ஒரு ஸ்தாயி மேலேயோ ஒரு ஸ்தாயி கீழேயோ நகர்த்தவும், அதே பெட்டி தாமத எதிரொலியாகப் பணிபுரியவும் வல்லது.

தமிழில் 'சுருதி' என்ற சொல் தம்பூராவின் ஆதார ஒலியையும் குறிக்கும். ஒரு சுரத்தின் உயரத்தையும் குறிக்கும். இக்கட்டுரையில் இரண்டாவது பொருளே கொள்ளப்படுகிறது. ஒலியின் அதிர்வெண் மிகுந்தால் சுருதி உயரும், குறைந்தால் தாழும்.

இவ்விரு வேலைகளையும் ஒரே பெட்டியில் சேர்த்தது வியாபார சாமர்த்தியம் என்று தோன்றலாம். உண்மையில் அவை இரண்டு வேலைகள் அல்ல. தாமதம் ஒன்றே, அது மாறாமல் நின்றால் எதிரொலி, மாறிக்கொண்டே இருந்தால் சுருதி மாற்றம்.

எக்காள வண்டியைக் கொண்டே இதனை விளங்கிக்கொள்ளலாம். ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. வண்டி 340 மீட்டர் தொலைவில் இருக்கும்போது ஊதிய ஒலி, கேட்போர் காதை அடைய ஒரு வினாடி ஆகிறது. வண்டி வினாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். ஒரு வினாடி கழித்து அது 320 மீட்டர் தொலைவில் இருக்கும். அப்போது ஊதிய ஒலி வந்துசேர 0.94 வினாடியே போதும். ஆகவே ஒரு வினாடி நேரம் ஊதிய ஒலி முழுவதும் 0.94 வினாடிக்குள் செறிந்து வந்து சேருகிறது. அதே எண்ணிக்கையுள்ள அதிர்வுகள் குறைந்த நேரத்திற்குள் வருவதால் சுருதி உயர்கிறது. இந்த வேகத்தில் உயர்வு நூற்றுக்குச் சுமார் 6. வீணையிலோ கிதாரிலோ ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்கு விரல் நகர்வதால் உண்டாகும் மாற்றமும் ஏறத்தாழ இதுவே. வண்டி விலகிச் செல்கையில் தாமதம் நாளுக்கு நாள் அல்ல, நொடிக்கு நொடி வளர்கிறது. சுருதி ஒரு மெட்டு அளவு தாழ்கிறது. ஸ்டேஷனில் நில்லாமல் கடந்துபோகும் ரயிலின் ஊதல், நம்மைத் தாண்டும் கணத்தில் 'சொய்ங்' என்று சரிவதை எவரும் கேட்டிருப்பர். ஒரு முழு ஸ்தாயி உயர்ந்து கேட்க வேண்டுமானால் வண்டி மணிக்கு 612 கிலோமீட்டர் வேகத்தில் வரவேண்டும்!

எதிரொலியைப் பெட்டிக்குள் அடைக்கும் முயற்சி ஒலிநாடாவில் தொடங்கியது. நாடாவில் ஒலியைப் பதியும் முனை ஒன்றும், அதனைப் படிக்கும் முனை ஒன்றும் சற்றுத் தள்ளித் தள்ளி அமைக்கப்பட்டால், பதிந்த ஒலி படிக்கும் முனையை அடைவதற்குள் சிறிது நேரம் கழிகிறது. நாடா வினாடிக்கு 19 சென்டிமீட்டர் ஓடுகிறது. முனைகளின் இடைவெளி 5.7 சென்டிமீட்டர் என்றால் தாமதம் 0.3 வினாடி. அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்துக் கெய்ரோ என்னும் சிற்றூரில் ரே பட்ஸ் என்பவர் 1950-களின் தொடக்கத்தில் ஒலிபெருக்கிக்குள்ளேயே இத்தகைய நாடா அமைப்பைப் பொருத்தி 'எக்கோசோனிக்' என்று பெயரிட்டார். செட் அட்கின்ஸ், ஸ்காட்டி மூர் முதலிய கிதார் கலைஞர்கள் அதனைப் பயன்படுத்தினர். பின்னர் வந்த 'எக்கோபிளெக்ஸ்' கருவியில் ஒரு முனை நகரக்கூடியதாக இருந்தது. அதனைத் தள்ளித் தாமதத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயன்றது.

இங்கேதான் பழைய எக்காள வண்டி மீண்டும் தலைகாட்டிற்று. கருவி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே முனையை நகர்த்தினால் எதிரொலியின் சுருதி ஏறவோ இறங்கவோ செய்தது. செய்தவர்கள் இதனை எதிர்பார்த்துச் செய்யவில்லை. வாசிப்பவர்களோ விடவில்லை; அபாயச் சங்கு போன்ற அவ்வொலியை வேண்டுமென்றே எழுப்பி மேடையில் பயன்படுத்தலாயினர். ஆனால் முனையை நகர்த்தும் வரையில்தான் சுருதி மாறும். கை நின்றதும் சுருதி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வண்டி நின்றுவிட்டால் எக்காளம் தன் உண்மைச் சுரத்திலேயே கேட்பது போன்றது இது. சுருதி நிலையாக உயர்ந்தே இருக்கவேண்டுமானால் வண்டி என்றென்றும் நெருங்கிக்கொண்டே இருக்கவேண்டும். எந்த வண்டியும் அவ்வாறு செய்ய முடியாது. ஒருநாள் வந்து சேர்ந்தே தீரும். சுருதி மாற்றும் கருவிகளின் வரலாறு முழுவதும் இந்த ஒரு தடையை ஏமாற்றிய வரலாறே ஆகும்.

நாடாவுக்குப் பிறகு 1969-இல் ஹாலந்தின் பிலிப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த சாங்ஸ்டர், டீர் இருவரும், வரிசையாக அமைந்த மின்தேக்கிகள் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மின்னூட்டத்தைக் கைமாற்றிக்கொண்டே செல்லும் சுற்றை வெளியிட்டனர். தீப்பிடித்த வீட்டை அணைக்க மக்கள் வரிசையாக நின்று வாளியைக் கைக்குக் கை மாற்றுவதை ஒத்திருந்ததால் 'வாளி வரிசை' என்ற பொருள்படும் பெயரை அது பெற்றது. நாடா தேய்தல், அறுதல் முதலிய தொல்லைகள் இதனால் நீங்கின. எனினும் வாளி கடைசிக் கைக்கு வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். இடையில் தாவிப் பிடிக்க இயலாது. தாவும் வசதியை அளித்தது எண்முறை நினைவகமே.

எண்முறைக் கருவியில் ஒலியலையின் உயரம் வினாடிக்குப் பல்லாயிரம் முறை அளக்கப்பட்டு எண்களாக மாற்றப்படுகிறது. அவ்வெண்கள் நினைவகத்தின் அறைகளில் வரிசையாக எழுதப்படுகின்றன. அறைகள் வட்டமாக அமைந்திருப்பதாக எண்ணிக்கொள்க. செக்கு மாடு போல ஒருவன் அவ்வட்டத்தைச் சுற்றிவந்து அறைக்கு ஓர் எண்ணாக எழுதிக்கொண்டே செல்கிறான். ஒரு சுற்று முடிந்ததும் பழைய எண்களின் மீதே புதியவற்றை எழுதுகிறான். அவனுக்குப் பின்னால் மற்றொருவன், எழுதியவற்றைப் படித்துக்கொண்டு வருகிறான். இருவரும் ஒரே நடையில் நடந்தால் அவர்களிடையே உள்ள தூரம் மாறாது, அத்தூரமே தாமதம். இது சாதாரண டிலே பெடல். 1983-இல் வெளிவந்த பாஸ் 'டி.டி.-2' இவ்வகையில் 0.8 வினாடி வரை தாமதம் தந்தது.

இப்போது படிப்பவன் மட்டும் வேகமாக நடக்கட்டும். எழுதுபவன் ஓர் அறை நகரும் நேரத்தில் இவன் ஒன்றரை அறை நகர்ந்தால், அலைகள் ஒன்றரை மடங்கு விரைவாக வெளிவரும்; 'ச' என்று கொடுத்த ஒலி 'ப' என்று கேட்கும். அரை அறை என்பது இல்லையே எனில், அண்டையிலுள்ள இரு எண்களுக்கும் இடைப்பட்ட மதிப்பைக் கணக்கிட்டுக்கொள்வான். ஆனால் வேகமாக நடப்பவன் விரைவில் முன்னால் செல்பவனை எட்டிப்பிடித்துவிடுவான். அதற்கு அப்பால் படிப்பதற்கு எழுத்து இல்லை. ஆகையால், எட்டிப்பிடிக்கும் தருணத்தில் அவன் பின்னால் தாவி, முன்பே படித்த பகுதியின் ஒரு துண்டைத் திரும்பவும் படிக்கிறான். வந்து சேரும் நிலையிலுள்ள வண்டியைச் சட்டென்று பழைய தொலைவுக்குத் தூக்கி வைத்து மீண்டும் ஓட்டுவதற்கு இது ஒப்பாகும். சுருதியைத் தாழ்த்தும்போது படிப்பவன் மெதுவாக நடந்து பின்தங்குவான்; அப்போது முன்னால் தாவி, இடைப்பட்ட துண்டைப் படிக்காமலே விட்டுவிடுகிறான்.

தாவும் தூரம் 0.05 வினாடி அளவுடையது என்று கொண்டால், ஒரு மெட்டு உயர்த்துவதற்கு 0.84 வினாடிக்கு ஒருமுறை தாவினால் போதும். 'ப' அளவு உயர்த்த வினாடிக்குப் பத்து முறை தாவவேண்டும். முழு ஸ்தாயி உயர்த்த இருபது முறை. மாற்றம் பெரிதாகப் பெரிதாக ஒட்டுகளும் மிகுகின்றன என்பது இதனால் விளங்கும். ஒட்டுப்போட்ட இடத்தில் இரு அலைகளின் விளிம்புகள் பொருந்தாவிடில் 'டிக்' என்ற ஓசை எழும். இதனைத் தவிர்க்க இருவர் படிப்பதும், ஒருவன் தாவும்போது அவன் குரலைத் தாழ்த்தி மற்றவன் குரலை உயர்த்துவதும் ஒரு வழி. அலையின் வடிவத்தை ஒப்பிட்டு, பொருந்தும் இடமாகப் பார்த்துத் தாவுவது அதனினும் சிறந்த வழி.

நியூயார்க் நகரத்து ஈவெண்டைட் நிறுவனம் 1975-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'எச்.910 ஹார்மனைசர்' இம்முறையில் அமைந்த முதல் வாணிகக் கருவி. அதனை வடிவமைத்தவர் டோனி அக்னெல்லோ. தாமதமும் சுருதி மாற்றமும் அதில் ஒருங்கே அமைந்திருந்தன. 1977-இல் வெளிவந்த டேவிட் போவியின் 'லோ' என்னும் இசைத்தட்டில், டோனி விஸ்கான்டி இக்கருவியைக் கொண்டு முரசின் ஒவ்வோர் அடியும் கீழே சரிந்து விழுவதுபோல் ஒலிக்கச் செய்தார். சங்கீதத்திற்குச் சற்றும் தொடர்பில்லாத பயனும் இதற்கு இருந்தது. நியூயார்க் தொலைக்காட்சி நிலையம் ஒன்று, 'ஐ லவ் லூசி' என்ற பழைய நகைச்சுவைத் தொடரை மறு ஒளிபரப்பு செய்கையில், கூடுதல் விளம்பரங்களுக்கு இடம் செய்ய வேண்டிப் படத்தைச் சற்று விரைவாக ஓட்டிற்று. படம் விரைந்ததால் நடிகர்களின் குரல்கள் கீச்சிட்டன. ஹார்மனைசர் அக்குரல்களை உரிய சுருதிக்கு இறக்கிவிட்டது. பார்த்தவர்களுக்கு வேறுபாடு தெரியவில்லை.

இந்த வேடிக்கைக்குப் பின்னால் மிகவும் மதிப்பு வாய்ந்த ஒரு பயன் மறைந்து நிற்கிறது. பேச்சை அதன் குரல் மாறாமல் விரைவாகக் கேட்க முடிந்தால் அது யாருக்கு உதவும்? கண்பார்வை இல்லாத மாணவனுக்கு. புத்தகத்தைக் கண்ணால் படிப்பவன் தனக்கு வேண்டிய வேகத்தில் படிக்கிறான். பிறர் உரக்கப் படித்துப் பதிவு செய்ததைக் கேட்பவன், படித்தவரின் வேகத்திற்குக் கட்டுப்பட்டவன். நாடாவை விரைவாக ஓட்டினால் குரல் கீச்சிட்டுச் சொற்கள் விளங்காமற்போகும். பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் மாணவனுக்கு இது சிறிய இடர் அன்று.

இந்த இடரை நீக்கும் வழி, எண்முறை நினைவகத்திற்கு வெகு முன்னரே யந்திர முறையில் அறியப்பட்டிருந்தது. பிற்காலத்தில் ஹோலோகிராபிக்காக நோபல் பரிசு பெற்ற டென்னிஸ் கேபர், 1946-இல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையில், படச்சுருளின் ஒலிப்பாதை முன்னே துளைகள் இட்ட உருளை ஒன்றைச் சுழற்றி ஒலியின் சுருதியை மாற்றும் முறையை விவரித்திருந்தார். ஜெர்மனியில் ஆன்டன் ஸ்பிரிங்கரும், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிராண்ட் பேர்பேங்க்ஸ் குழுவினரும் 1950-களில், சுழலும் உருளையில் பல படிக்கும் முனைகளைப் பொருத்தினர். நாடா விரைவாக ஓடும். அது ஓடும் திசையிலேயே உருளையும் சுழலும். ஆகவே முனைக்கும் நாடாவுக்கும் உள்ள ஒப்புவேகம் இயல்பான அளவாகவே இருக்கும், சுருதி மாறாது. ஒரு முனை விலகி அடுத்த முனை நாடாவைத் தொடுவதற்குள் சிறு சிறு துண்டுகள் படிக்கப்படாமல் கழியும். செக்கைச் சுற்றி முன்னால் தாவுபவனின் செயல் இதுவே.

இவ்வாறு சுருக்கிய பேச்சு விளங்குமா என்பதை 1960-களில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் எமர்சன் ஃபௌல்க் ஆராய்ந்தார். அவரும் பார்வையற்றவரே. 1962-இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், பார்வையற்ற பள்ளி மாணவர்கள் நிமிடத்திற்கு ஏறத்தாழ 275 சொற்கள் வேகத்தில் சுருக்கிய பேச்சைப் பெரிய இழப்பின்றிப் புரிந்துகொண்டது தெரியவந்தது. உரக்கப் படிப்பதன் சாதாரண வேகத்தைவிட இது வெகு அதிகம். பிரெயில் எழுத்தை விரலால் தடவிப் படிக்கும் வேகத்துடன் ஒப்பிட்டாலோ வேறுபாடு இன்னும் பெரிது. இன்று கைப்பேசியில் பாடத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் குரல் மாறாமல் கேட்கும் மாணவர்கள், பார்வை உள்ளவரும் இல்லாதவரும், இந்த ஒட்டுவேலையின் பயனையே நுகர்கின்றனர்.

ஒட்டுவேலைக்கும் எல்லை உண்டு. கிதாரின் தடித்த கம்பி வினாடிக்குச் சுமார் 82 முறை அதிர்கிறது. ஓர் அதிர்வுக்கு ஏறத்தாழ 12 மில்லி வினாடி, அதாவது ஆயிரத்தில் 12 பங்கு வினாடி ஆகிறது. ஒரு துண்டில் இரண்டு அதிர்வுகளாவது அடங்கினால்தான் கருவி அச்சுரத்தை அடையாளம் கண்டு சரியான இடத்தில் ஒட்ட முடியும். ஆகவே துண்டு 24 மில்லி வினாடிக்குக் குறையலாகாது. ஆனால் கம்பியை மீட்டும் நகத்தின் ஓசையும், பேச்சில் 'ட', 'ப' போன்ற வல்லெழுத்துகள் வெடிக்கும் ஓசையும் இதனினும் குறுகிய நேரத்தில் முடிந்துவிடுகின்றன. துண்டு நீளமானால் அவை தப்பிப்போகும், அல்லது இருமுறை கேட்கும். துண்டு குறுகினால் தாழ்ந்த சுரங்கள் கரகரக்கும். காலத்தைத் துல்லியமாக அறிய முயன்றால் சுருதி மங்கும், சுருதியைத் துல்லியமாக அறிய முயன்றால் காலம் மங்கும் என்று கேபர் அதே 1946-ஆம் ஆண்டுக் கட்டுரையில் நிறுவியது இதுவே. விலை உயர்ந்த கருவியாலும் இதனை மீற முடியாது.

அலையை நிதானித்துப் பார்த்து ஒட்டுவதற்குக் கருவிக்கு நேரம் தேவை. மீட்டியவனோ உடனே கேட்க விரும்புகிறான். சுருதி மாற்றிய ஒலி 24 மில்லி வினாடி பிந்தினால், ஒலிபெருக்கி எட்டு மீட்டருக்கு அப்பால் இருப்பதுபோல் அவனுக்குத் தோன்றும். கைக்கும் காதுக்கும் பொருத்தம் கெடும். சுருதி மாற்றத்தை மட்டும் செய்யும் பெடல்களைப் பற்றி வாசிப்போர் கூறும் குறை பெரும்பாலும் இதுவே. எதிரொலியில் இக்குறை எழ இடமில்லை. எதிரொலி பிந்தியே வருவது. கால் வினாடியோ அரை வினாடியோ கழித்து வர வேண்டியதற்குள் 24 மில்லி வினாடி மறைந்துபோகிறது. அந்த இடைவெளியில் கருவி, வரவிருக்கும் அலையையும் முன்கூட்டியே பார்த்துப் பொருந்தும் இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். மீட்டிய ஒலி நேராகவும், சுருதி மாறிய ஒலி எதிரொலியாகவும் வரும்போது செவிக்கு இரண்டும் இயல்பாகவே படுகின்றன. தாமதமும் சுருதி மாற்றமும் ஒரே பெட்டிக்குள் வாழ்வதற்கு இதைவிடத் தக்க காரணம் வேண்டியதில்லை.

வெளிவரும் எதிரொலியின் ஒரு பகுதியைத் திரும்பவும் உள்ளே செலுத்தினால் எதிரொலிகள் தொடரும். சுருதி மாற்றமும் சேர்ந்திருந்தால் ஒவ்வொரு எதிரொலியும் முந்தியதைவிட ஒரு படி ஏறி வரும். 'ப' அளவு உயர்த்தும்படி வைத்தால், ச, ப, மேல் ரி, மேல் த என்று ஏணிபோல் எழும். பன்னிரண்டு படி ஏறினால் ஏழு ஸ்தாயிக்கு மேலுள்ள 'ச' வரவேண்டும் என்று எதிர்பார்ப்போம். கணக்கு அவ்வாறு சொல்லவில்லை. ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.7, இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128. ஏறத்தாழ கால் மெட்டு அளவு மிகை நிற்கிறது. பண்டைய கிரேக்கர் முதல் சுர சாஸ்திரிகளைத் தொல்லைப்படுத்திய அதே மிகை இது. பெடலில் அது காதுக்கு எட்டுவதற்குள் எதிரொலி பெரும்பாலும் தேய்ந்துவிடும்.

பள்ளியில் இதனைக் காட்ட கிதாரோ பெடலோ தேவையில்லை. தரையில் வட்டம் ஒன்று வரைந்து, அதன்மீது பதினாறு கட்டங்கள் இடுக. ஒரு மாணவன் ஆசிரியரின் தாளத்திற்கு ஒரு கட்டமாக நகர்ந்து, 1, 2, 3 என எண்கள் எழுதிய சீட்டுகளை வைத்துக்கொண்டே செல்லட்டும். கட்டத்தில் பழைய சீட்டு இருந்தால் எடுத்துவிட்டு வைக்கட்டும். எட்டுக் கட்டம் பின்னால் நிற்கும் இரண்டாமவன் சீட்டுகளை எடுக்காமல் உரக்கப் படித்துக்கொண்டு வரட்டும். முதலில் இருவரும் ஒரே நடை நடக்கட்டும். வகுப்பு கேட்பது எதிரொலி. பிறகு இரண்டாமவன் ஒரு தாளத்திற்கு இரண்டு கட்டம் நடந்து இரண்டு சீட்டுகளைப் படிக்கட்டும். எட்டாவது தாளத்தில் அவன் முன்னவனை முட்டுவான். அங்கே அவன் எட்டுக் கட்டம் பின்னே தாவவேண்டும். எந்த எண்கள் இருமுறை படிக்கப்பட்டன என்பதை வகுப்பு குறித்துக்கொள்ளட்டும்.

கைப்பேசி கிடைக்குமாயின், மிருதங்கத் தனியாவர்த்தனப் பதிவு ஒன்றை அரை வேகத்தில், சுருதி மாறாதவாறு ஓடவிட்டுக் கேட்கச் செய்யலாம். குரலோ வயலினோ ஓரளவு இயல்பாக நீளும். மிருதங்கத்திலோ, செயலியின் ஒட்டுவேலை சாதாரணமானதாக இருந்தால், 'தா' என்று ஒருமுறை விழுந்த அடி மிக நெருக்கமாக இருமுறை விழுந்ததுபோல் சில இடங்களில் கேட்கும். இரண்டாமவன் பின்னே தாவி அதே சீட்டை மறுபடி படித்த இடம் அதுவே.